கல்யாணக் காரும் கரண்டு ஸ்கூட்டரும்

என் வீட்டுக்காரரிடம் ஒரு கல்யாணக் கார் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகிற கார். என் மாமனார் விட்டுப்போன பழைய வெளிநாட்டு வண்டி, பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும், மேலே கூரை கிடையாது. மழை வந்தால் பின்னாலிருந்து இழுத்து மூட ஒரு படுதா உண்டு. அதில் இருந்த ஓட்டைகளுக்கு, மூடுவதும் ஒன்றுதான், மூடாமல் இருப்பதும் ஒன்றுதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் முக்கால்வாசி இடத்தை அது அடைத்துக்கொண்டு நிற்கும். மீதி இடத்தில்தான் நாங்கள் செருப்பு விட வேண்டும், துணி காயப்போட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் அதை உரசி உரசியே என் புடவைகள் எல்லாவற்றிலும் கிரீஸ் கறை.

நாங்கள் முஸ்லிம்கள். ஆனால் அந்தக் காருக்கு எல்லா வீட்டிலிருந்தும் அழைப்பு வரும். திருநீர்மலையில் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வருகிற மாதங்களில் சாயங்காலம் இவரை வீட்டில் பார்க்கவே முடியாது. "மாப்பிள்ளைங்கள்ல இன்னா வித்தியாசம்? எல்லாரும் ஒரே மாதிரி பயந்துகினுதான் உக்காந்திருப்பானுங்க" என்பார்.

ஊர்வலக் காரின் வேகம் என்பது முன்னால் நடக்கிற நாதஸ்வரக்காரரின் வேகம். அவர் தெருமுனையில் நின்று ஒரு பாட்டை முழுசாக வாசித்தால் காரும் நிற்கும். அவர் நகர்ந்தால் காரும் நகரும். பின்னால் சீட்டின் சாய்மானத்து மேலே மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக உட்கார்ந்திருப்பார், சுற்றிலும் சொந்தக்காரப் பிள்ளைகள் அடைந்து கிடக்கும். வண்டி ஒருமுறை குலுங்கிப் புறப்பட்டால் போதும், மாப்பிள்ளை ரோட்டில் கிடப்பார். அதனால் கிளட்சை விட்டும் விடாமலும், உட்கார்ந்திருப்பவர்களுக்கு வண்டி கிளம்பியதே தெரியாத மாதிரி நகர்த்துவார். இருபது வருஷமாக அவர் செய்துவந்த வேலை இதுதான்.

அப்படிப்பட்ட மனுஷன் தெருவில் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பேசியது என்ன தெரியுமா? பிக்கப்பைப் பற்றி, வண்டி சட்டென்று வேகம் எடுப்பதைப் பற்றி.

"நம்ம வண்டி பிக்கப் கீதே, இந்த ஜிஎஸ்டி ரோட்டுல ஒரு வண்டிக்கு கெடையாது. மிதிச்சா பறக்கும்."

"எப்போ மிதிச்சுப் பார்த்தீங்க?" என்று நான் சமையல்கட்டிலிருந்து கேட்பேன்.

"மிதிச்சாத்தான் தெரியணுமா? சத்தத்தக் கேளு. சத்தத்துலயே கீதுல்ல."

எங்கள் நிக்காஹ் அன்றைக்கு இவர் அந்த வண்டியை வேறு யாரிடமும் கொடுக்க மனசு வராமல், தலையில் பூச்சரம் தொங்க, மாப்பிள்ளையே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை எங்கே என்று எங்கள் ஆட்கள் பின்சீட்டில் தேடினார்கள். என் சித்தப்பா இவரையே கூப்பிட்டு, "டிரைவர் தம்பி, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்றார். இவரும் ஓரமாக நிறுத்தினார். இந்தக் கதையைச் சொல்லி இன்னமும் நான் அவரைக் கேலி செய்கிறேன்.

இவருக்கு ஒரே ஒரு தங்கை. அத்தாவும் அம்மாவும் போன பிறகு இவர்தான் வளர்த்தார், படிக்கவைத்தார். வயது முப்பதைத் தாண்டியும் இவருக்கு அவள் "பாப்பா" தான். மேடவாக்கம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலேஜ் படிக்கும்போது கூட்டமான பஸ்ஸில் படியில் நின்று வந்து, எங்கள் ஊர் நாலு ரோட்டு ஜங்ஷனில் இறங்கும் முன்பே வண்டி நகர்ந்து, கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது. அன்றிலிருந்து இவர் அவளைப் பஸ்ஸில் ஏற விட்டதே இல்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் ஊர்வலம் இல்லாத நாட்களில் போய்க் கூட்டிக்கொண்டும் வருவார். எதில்? வேறு எதில், அந்தக் கல்யாணக் காரில்தான்.

முந்தின நாள் ஊர்வலம் போயிருந்தால் மறுநாள் காலையிலும் வண்டியில் அங்கங்கே பூ இருக்கும். இவர் மாலைகளை எல்லாம் பிரித்துப் போட்டுவிடுவார். ஆனால் ஒரு சரம் மட்டும் எப்படியாவது விட்டுப்போகும். இடதுபக்கக் கதவின் கைப்பிடியில் செவ்வந்தியோ சம்பங்கியோ வாடித் தொங்கிக்கொண்டிருக்கும். "கழுவுறதுதான் கழுவுறீங்க, அதையும் பிச்சுப் போட்டா என்ன, கை தேஞ்சா போயிடும்?" என்று நான் கத்தாத நாளில்லை. "அது இருந்துட்டுப் போவுது, உனக்கு இன்னா பேஜார்?" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். சோம்பேறித்தனம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் இவர் தங்கையும் நானும் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்பில் ஒரு வாயாடி கேட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "டீச்சர், இன்னைக்கும் உங்களுக்குக் கல்யாணமா?" பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் பேரே கல்யாண டீச்சராம். மற்ற டீச்சர்களும் வாய்க்குள் அப்படித்தான் சொல்கிறார்களாம். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள்.

"எனக்குச் சிரிப்பு வரல அண்ணி" என்றாள்.

அவளைப் பெண் பார்க்க வந்துபோனவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. டிபன் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போவார்கள், அதோடு சரி. அதைப் பற்றி எல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பெண்ணை, அடுத்தவர்கள் கல்யாணத்துப் பூ தொங்குகிற காரில், தினமும் அத்தனை பிள்ளைகளின் முன்னால் இறக்கிவிட்டால் எப்படி இருக்கும்? எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அண்ணன்கிட்ட சொல்லேன்."

"வேணாம். அது ராஜா மாதிரி கூட்டிட்டுப் போறதா நெனச்சிக்கிட்டிருக்கு. சொன்னா முகம் சுருங்கிடும். என்னால அதைப் பார்க்க முடியாது. நானே போய்ட்டு வர்ற மாதிரி ஏதாவது வழி பண்ணனும். அவ்ளோதான்."

அடுத்த மாதமே, சேர்த்துவைத்திருந்த சம்பளப் பணத்தில் அவள் ஒரு கரண்டு ஸ்கூட்டரை வாங்கிவந்து நிறுத்தினாள். அந்த வருஷங்களில்தான் அவை நம் பக்கம் கடைகளில் தலைகாட்ட ஆரம்பித்திருந்தன. பெட்ரோல் வேண்டாம், வேகம் குறைவு என்பதால் லைசென்ஸும் வேண்டாம். சமையல்கட்டு ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுத்து, மிக்ஸி போடுகிற பிளக்கில் சொருகினால் சார்ஜ் ஏறும். தினமும் கரண்டு கட்டாகிற காலம் அது. மீதி நேரத்தில் சட்னியா ஸ்கூட்டரா என்று எனக்கும் அவளுக்கும் தகராறு. பாதி நாள் நான் பொடி வைத்தே இட்லி கொடுத்தேன்.

இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். அவள் சாவியைத் திருப்பினாள்.

"ஸ்டார்ட் பண்ணு பாப்பா."

"பண்ணிட்டேண்ணா."

"சத்தத்தக் காணோமே."

"இதுக்குச் சத்தம் கிடையாது."

"சத்தமே இல்லாதது இன்னா வண்டி? பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு நீ போறது எப்படித் தெரியும்? இதுல பிக்கப் எங்கிருந்து வரும்?" முகம் கறுத்துவிட்டது. "நம்ம ஜங்ஷன தாண்டறதுன்னா சும்மாவா? நாலு பக்கமும் வண்டி வந்துகினே இருக்கும். கெடைக்கிற சந்துல சட்டுனு அந்தாண்ட போயிடணும். இது நடு ரோட்டுல நின்னு யோசிக்கும். அதெல்லாம் சரிப்படாது. நான் உசுரோட இருக்கேன், கூட்டிட்டுப் போறேன்."

அவள் சாவியை உருவி எடுத்துக்கொண்டாள். உள்ளே போய் நோட்டு திருத்த உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரம் அந்த ஸ்கூட்டர் கார் பக்கத்தில் சும்மா நின்றது. அவள் தினமும் அதைத் துடைத்துவிட்டு, காரில் ஏறிப் போனாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. அந்தத் துடைக்கிற துணியைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் சோறு போடும்போது இவரிடம் சொன்னேன். "பிக்கப் பிக்கப்னு குதிக்கிறீங்களே, ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி ஓட்டிப் பாத்துடலாமா? உங்க வண்டி முந்திச்சுன்னா ஸ்கூட்டர திருப்பிக் குடுத்துடலாம். அது முந்திச்சுன்னா நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

சிரித்தார். "எது, அந்தக் கொசுகூடயா?"

"ஆமா. அந்தக் கொசுகூடத்தான்."

"தாம்பரம் வரைக்கும் ஓட்டிப் பாக்கலாமா?"

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "நான் தாம்பரம் போகப்போறதில்லண்ணா. ஜங்ஷனைத்தான் தாண்டணும். அந்த அகலத்துக்கு ஓட்டினா போதும்."

"சரி, பாத்துடலாம்" என்று இவர் கை கழுவ எழுந்தார்.

அப்போதெல்லாம் பெரும்பாக்கம் பக்கம் மனைக்கல் நட்டுப் போட்ட காலி இடம்தான். நடுவில் புதுசாகத் தார் போட்ட ரோடுகள் ஆளில்லாமல் கிடக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அங்கே போனோம். ஒரு மனைக்கல்லில் ஆரம்பம். கொஞ்ச தூரத்தில் இருந்த டிரான்ஸ்பார்மர் முடிவு. ஜங்ஷனின் அகலத்தை இவரே கண்ணால் அளந்து, அதுதான் சரியான தூரம் என்று ஒப்புக்கொண்டார். எருமைகள் சில மேய்வதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தன.

நான் வெளியே நின்று கை தட்டுவதாகத்தான் பேச்சு. நிற்கச் சலிப்பாக இருந்தது, காரிலேயே ஏறிவிட்டேன். ஏறினது ஏறினோம் என்று பின்சீட்டுச் சாய்மானத்து மேலே, மாப்பிள்ளை உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அங்கே நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் எல்லாமே கீழே இருந்தது. இவர் தலையில் உச்சியில் விழுந்திருந்த வழுக்கைகூடத் தெரிந்தது.

இவர் எஞ்சினை உறுமவிட்டார். அவள் முக்காட்டைப் பின்னால் இறுக்கி முடிந்துகொண்டு, ஹேண்டிலைப் பிடித்து முன்னால் குனிந்தாள். நான் மனசுக்குள் பிஸ்மி சொல்லிவிட்டு, "போங்க" என்று கை தட்டினேன்.

தட்டிய சத்தம் அடங்குவதற்குள் ஸ்கூட்டர் கல்லைத் தாண்டிவிட்டது. ஒரு இருமல் இல்லை, செருமல் இல்லை. எங்கள் கார் எவ்வளவோ சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் பறந்திருக்க வேண்டும். ஆனால் வண்டி பூப்போல மெல்ல, மெல்ல நகர்ந்தது. எனக்கு ஒரு ஆட்டம்கூட இல்லை. அவள் டிரான்ஸ்பார்மரைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் பாதி வழியில்தான் இருந்தோம். அதற்கு அப்புறம் எங்கள் வண்டிக்கு உயிர் வந்து, அவளையும் தாண்டி ரோட்டின் கடைசிவரை விர்ரென்று போனது. "பாத்தியா, எப்படிப் பறக்குது" என்றார் இவர்.

"ஜங்ஷன் முடிஞ்சு போச்சுங்க. நாம நடு ரோட்டுலதான் இருந்தோம்" என்றேன்.

இன்னொரு தடவை என்றார். ஓட்டினோம். அதே கதை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கச்சிக்காக விட்டுக்கொடுக்கிறாரோ என்று ஒரு சந்தேகம். அப்படி அவள் ஜெயித்தால் நாளைக்கே ஏதாவது சாக்குச் சொல்லி மறுபடி காரில் ஏற்றிவிடுவார். "ஒழுங்கா மிதிச்சுத் தொலைங்களேன். யாருக்காக இப்படி நகத்துறீங்க?"

திரும்பி என்னைப் பார்த்தார். "மிதிச்சா நீ பின்னாடி விழுந்துடுவியே."

இந்த மனுஷன் இப்படி எல்லாம் பேசுகிறவரே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி, நான் எறங்கிக்கிறேன். இப்ப மிதிங்க" என்று இறங்கி, கல் பக்கத்தில் நின்றேன்.

மறுபடியும் கை தட்டினேன். அவள் போய்விட்டாள். கார் மறுபடியும் அப்படியே, மேலே யாரோ மாலையோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி, குலுங்காமல் மெல்லக் கிளம்பியது. பின்சீட்டு காலியாக இருந்தது. அது அவர் காலுக்குத் தெரியவில்லை.

பாதி வழியில் எஞ்சினை நிறுத்திவிட்டார். குனிந்து, கிளட்சில் இருந்த தன் இடது காலையே பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "விட மாட்டேங்குது. நான் சொல்றேன், இது கேக்க மாட்டேங்குது" என்றார். தங்கை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இவர் கையை நீட்டி அவள் முக்காட்டின் முடிச்சைச் சரிசெய்தார்.

"ஜங்ஷன்ல ரெண்டு பக்கமும் பாத்துட்டுப் போ பாப்பா" என்றார்.

மறுநாள் காலையில் அவள் ஸ்கூட்டரில் கிளம்பினாள். இவர் ஜங்ஷன் வரைக்கும் நடந்தே போய், ஒரு கடை ஓரமாக நின்று, அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். டீ கொடுத்தேன், வாங்கி அப்படியே திட்டில் வைத்தார். முந்தின சாயங்காலம் சேலையூரில் ஒரு ஊர்வலம். கதவில் வழக்கம்போல ஒரு சரம் சம்பங்கி தொங்கியது. இவர் போய் அதை மெதுவாக அவிழ்த்தார். ஒரு இதழ் விடாமல் பொறுக்கினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. "அடேங்கப்பா, நான் இத்தினி வருஷமா கத்தி வராத சுறுசுறுப்பு இன்னைக்கு வந்துடுச்சே" என்றேன்.

கையில் பூவை வைத்துக்கொண்டே சொன்னார்: "இனிமே யாருக்கு? அத்தா இருந்தப்போ, ஊர்வலம் முடிஞ்ச மறுநாள் பாப்பா தூங்கி எழுந்ததும் வண்டிகிட்டதான் ஓடி வரும், பூ கீதான்னு பாக்க. அத்தா எல்லாத்தையும் கழுவி உட்ருவாரு. அது உக்காந்து அழுவும். அதான் நான் அவருக்குத் தெரியாம ஒரு சரம் அது உக்கார்ற பக்கத்துல கட்டி வெச்சிடுவேன். அப்படியே வழக்கமாப் பூட்ச்சி."

நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அடுப்புப் பக்கம் நின்று நன்றாக அழுதேன். எந்தப் பூவுக்காக அவள் பள்ளிக்கூட வாசலில் கூசிக் குறுகினாளோ, அந்தப் பூ அவளுக்காகவே கட்டிவைத்ததாம். இடதுபக்கக் கதவில் மட்டும் ஏன் என்று நானும் ஒருநாளாவது யோசித்தேனா?

சாயங்காலம் அவள் வந்ததும், அவள் ஸ்கூட்டர் வாங்கிய காரணத்தை அண்ணனிடம் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிட்டு, பூ விஷயத்தைச் சொன்னேன். நோட்டுக் கட்டைக் கீழே வைத்தாள். வாசல் பக்கம் திரும்பிக் காரைப் பார்த்தாள். "எனக்கு மறந்தே போச்சு அண்ணி" என்றாள். "அழுதது ஞாபகம் இருக்கு. யாரு கட்டிவெச்சான்னு நான் கேட்டதே இல்ல."

அடுத்த ஊர்வலம் அந்த வாரமே வந்தது. மறுநாள் காலையில் இவர் பக்கெட்டும் துணியுமாகக் காரைக் கழுவ இறங்கினார். அதற்குள் அவள் போய் இடதுபக்கக் கதவில் ஊர்வலத்துக்குக் கட்டி இன்னும் பிரிக்காமல் இருந்த செவ்வந்திச் சரத்தை அவிழ்த்தாள். அதைத் தன் ஸ்கூட்டரின் கண்ணாடியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, உட்கார்ந்து, "வரேண்ணா" என்றாள். இவர் ஈரத்துணியோடு நின்றார். சத்தமே இல்லாமல் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிவிட்டது. பக்கெட்டில் துணியை முக்கி எடுத்தார், பிழிந்தார், மறுபடி முக்கினார். கார் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அண்ணி, அந்த வாயாடி இன்னைக்கு என்ன கேட்டா தெரியுமா? டீச்சர், ஸ்கூட்டருக்கா கல்யாணம்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"ஆமா, நீ அவசியம் வந்துடுன்னு சொல்லிட்டேன்."

உள்ளே தொழுகைப் பாயை மடித்துக்கொண்டிருந்த இவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அவள் சிரித்தாள். மாடியில் சிரித்த சிரிப்பு இல்லை இது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவில் சாய்ந்து, முக்காடு நழுவி விழுந்ததுகூடத் தெரியாமல் சிரித்தாள்.